இடப்பக்கம் தையல், வலப்பக்கம் பசை

மீனக்காவுக்குக் கூச்சம் என்பது பிறவியிலேயே கிடையாது. நகராட்சி நீச்சல் குளத்தின் விளிம்பில், சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு இடுப்பில் கைவைத்து நின்று, வங்கி மேலாளரையும் வக்கீலம்மாவையும் “காலை உதறுங்க, தூங்காதீங்க” என்று விரட்டுகிறவளுக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்? அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் கூச்சம் வந்தது. வந்த இடம் பல்.

காலை வகுப்புக்குப் பெண்கள் வந்து சேருமுன் அவள் மட்டும் ஒருமுறை தனியாகத் தண்ணீரில் இறங்குவாள். கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த கண்ணாடிகள் வழியே இளவெயில் சாய்ந்து விழும். தண்ணீர் அசைந்தால் வெளிச்சமும் அசையும். கூரை முழுக்க வலைவலையாக ஓர் ஒளி நெளியும். அடியில் போய்க் கண்ணைத் திறந்தால் நீலச் சில்லுகள் பதித்த தரை. அதன்மேல் அவளுடைய நிழல், அவளுக்கு முன்னாலேயே எங்கோ புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கும். காதுக்குள் ஒரு மூடிய சத்தம். பக்கத்து அறையில் யாரோ நம்மைப் பற்றி நல்லதாக ஏதோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். மூச்சு தாங்குமட்டும் அங்கேயே கிடந்துவிட்டு மேலே வருவாள்.

ஒருநாள் அப்படி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை இழுத்தபோது, இடப்பக்க மேல்பல்லில் ஊசி ஏற்றியது போல ஒரு கூச்சம் கிளம்பிக் கண்வரைக்கும் போயிற்று. வந்த வழியே போய்விடும் என்று விட்டுவிட்டாள். போகவில்லை. கொஞ்ச நாளில் வலப்பக்கமும் துணைக்குச் சேர்ந்துகொண்டது.

வீட்டில் அவளும் அண்ணியும்தான். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. முன்பு அண்ணனும் இருந்தான். ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகும் இரண்டு பெண்களும் அதே வீட்டில், அவரவர் அறையில் இருந்துவந்தார்கள். மீனக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நீச்சல் உடையைக் கேள்விப்பட்டு வந்த வழியே திரும்பினார்கள். அவளும் வாசல்வரை போய் வழியனுப்பிவைத்தாள். அண்ணி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மீனக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அன்றைக்கு ‘பாப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்தவள், பாப்பாவின் தலை பாதி நரைத்த பிறகும் நிறுத்தவில்லை.

அண்ணிக்குக் கரண்ட் ஆபீசில் புகார் கேட்கிற வேலை. ஊரில் எந்தத் தெருவில் விளக்கு அணைந்தாலும் முதல் திட்டு அவள் காதில்தான் விழும். மத்தியானம் போனால் இரவுதான் வருவாள். மீனக்கா விடியுமுன் கிளம்பிவிடுவாள். ஒருத்தி மூடிவைத்ததை மற்றவள் திறந்து சாப்பிடுவாள். சண்டை கிடையாது. சண்டை போடக்கூட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

ஒரு விடுமுறை நாளில்தான் அண்ணி கவனித்தாள்.

“என்ன பாப்பா, கோழி தண்ணி குடிக்கிற மாதிரி தலையைச் சாய்ச்சுக் குடிக்கிற?”

“பல்லு கூசுது அண்ணி.”

“உனக்கா, கூச்சமா?” என்று கேட்டுவிட்டு அண்ணி அன்றைக்கே செருப்பை மாட்டினாள்.

பல் டாக்டர் சின்ன உருவம். யாரோ பக்கத்தில் தூங்குவது போல மெல்லப் பேசுகிறவர். மீனக்காவின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார்.

“இதை எந்தப் பக்கம் கடிச்சுப் பிடிப்பீங்க?”

“ஒரு பக்கம் அலுத்துட்டா இன்னொரு பக்கம்.”

“எத்தனை வருஷமா?”

“அது இருக்கும், ஒரு கால் நூற்றாண்டு.”

“ஈறு ரெண்டு பக்கமும் மேல ஏறிடுச்சும்மா. வேர் வெளிய தெரியுது, அதான் கூசுது. விசில் மட்டும் காரணமில்ல. நீங்க பல்லு தேய்க்கிறீங்களா, பாத்திரம் தேய்க்கிறீங்களா?”

அண்ணி தலையை ஆட்டி ஆமோதித்தாள். மீனக்கா பல் தேய்க்கும் சத்தத்தில்தான் அவள் பல வருடங்களாக விழித்துக்கொள்வது.

“அண்ணத்துலேருந்து மெல்லிசா கொஞ்சம் தோல் எடுத்து, ஈறு போன இடத்துல வைச்சுப் பிடிக்கவைக்கணும். முதல்ல இடப்பக்கம். அது ஆறின பிறகு வலப்பக்கம்.”

“எங்கேருந்து எடுப்பீங்க?” என்றாள் அண்ணி.

“அண்ணத்துலேருந்து. வாய்க்குள்ள, மேல.”

அண்ணி மீனக்காவைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணன் போனாலும் அண்ணம் இருக்கு பாரு உதவிக்கு,” என்றாள்.

அண்ணனைப் பற்றி அந்த வீட்டில் சிரித்துப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. முதலில் மீனக்காவின் தோள்தான் குலுங்கியது. பிறகு அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பெரிய மனுஷிகள் எதற்காக இப்படிக் கண்ணீர் வரச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், டாக்டர் கையில் கண்ணாடியோடு மரியாதையாகக் காத்திருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் விஷயத்துக்கு வந்தார். வைத்த தோல் நகராமல் இருக்க இரண்டு வழி உண்டு. தலைமுடி மாதிரி மெல்லிய நூலால் தைக்கலாம். அல்லது பசை போட்டு ஒட்டலாம்.

“பசையா?” என்றாள் மீனக்கா. “என் குளத்துல வருஷா வருஷம் சில்லு ஒட்டுறாங்க, வருஷா வருஷம் பேர்ந்து வருது. தண்ணியில எது டாக்டர் ஒட்டும்? வாயும் ஒரு குளந்தானே.”

“இந்தப் பசை ஈரம் பட்டாத்தான் இறுகும்.”

“எங்க வீட்டுலகூட ஒரு ட்யூப் கிடக்கு,” என்றாள் அண்ணி. “செருப்புக்கு வாங்கினது.”

டாக்டர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். “அதை வாய்ப்பக்கமே கொண்டு போயிடாதீங்க. குடும்பம் ஒண்ணுதான், ஆனா இது உடம்புக்குன்னே தனியாச் செஞ்சது.”

மீனக்கா தையலே போதும் என்றுவிட்டாள். கண்ணுக்குத் தெரிகிற முடிச்சை நம்பலாம். சொட்டு மருந்து மாதிரி விழுகிற ஒன்றை எப்படி நம்புவது?

சிகிச்சை நாளன்று நாற்காலியைச் சாய்த்து, முகத்தில் துணியைப் போர்த்தி, மரத்துப்போக ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பாதி முகம் அவளுடையதாக இல்லை. எச்சிலை இழுக்கும் குழாய், குளத்து வடிகால் மாதிரி கலகலத்துக்கொண்டிருந்தது. துணிக்கு மேலே விளக்கின் வெளிச்சம் மங்கலாக அசைந்தது. வலி இல்லை. ஆனால் யாரோ இழுப்பது மட்டும் தெரிந்தது. மேலே படகில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைச் சுண்டிப் பார்ப்பது போல ஓர் இழுப்பு, பிறகு கொஞ்ச நேரம் சும்மா, பிறகு இன்னோர் இழுப்பு. தான் குளத்தின் அடியில் மல்லாந்து கிடப்பதாக அவளுக்குத் தோன்றியது. மேலேயிருந்து மெல்லிய நூல்கள் இறங்கி வந்தன. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு துளி வெளிச்சம். கடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கிடந்தாள். “ஆச்சும்மா, எழுந்திருங்க” என்ற குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது.

டாக்டர் சொல்லி அனுப்பியவை எல்லாம் ‘கூடாது’களாகவே இருந்தன. அந்தப் பக்கம் தேய்க்கக் கூடாது, உதட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஊதக் கூடாது, குளத்தில் இறங்கவே கூடாது, பேச்சையும் குறைத்துக்கொள்ள வேண்டும். “அப்ப இவ மூச்சாவது விடலாமா?” என்று அண்ணி கேட்டாள்.

அண்ணி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். மாத்திரை மயக்கத்தில் மீனக்காவுக்கு நாட்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. பகலில் தூங்கி விழிப்பாள். திரைச்சீலை காற்றில் உப்பி உள்ளே வரும், தயங்கும், திரும்பப் போகும். எந்த நேரம் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தால் அது கனவில் அடித்ததா வெளியே அடித்ததா என்று யோசித்துக்கொண்டே மறுபடி தூங்கிவிடுவாள். அண்ணத்தில் எடுத்த இடம் சூடான எதையோ அவசரத்தில் விழுங்கிவிட்டது மாதிரி எரிந்தது. தையல் நூலின் நுனிகள் கன்னத்தின் உள்பக்கத்தை மீன்முள் மாதிரி குத்தின. வேலையில்லாத நாக்கு எந்நேரமும் அங்கேதான் போய் நின்றது. சும்மா கிட என்று அதட்டினால் கேட்கிற ஜாதியில்லை அது.

அப்படி ஒரு பகலில் அண்ணி கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, வேகவைத்த உருளைக்கிழங்கை ஒரு கிண்ணத்தில் போட்டு மசித்துக்கொண்டிருந்தாள். மீனக்கா தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று பார்க்காமலே பேச ஆரம்பித்தாள்.

“தம்பி வரச்சொல்லிக்கிட்டே இருக்கான் பாப்பா. அவன் வீட்டுல மாடி காலியா இருக்காம். நானும் யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன். உங்கண்ணன் இருந்தவரைக்கும் இது என் வீடு. அதுக்கப்புறம் நான் இங்க யாருன்னு எனக்கே சொல்லத் தெரியல. நீ ஒண்ணும் சொன்னதில்ல. நீதான் எதுவுமே சொல்றதில்லையே. ஒரே சாவியை மாத்தி மாத்தி வைச்சுக்கிற ரெண்டு குடித்தனக்காரங்க மாதிரி ஆயிட்டோம். நான் போனா உனக்கும் ஒரு அறை தாராளமாக் கிடைக்கும்.”

மீனக்காவுக்குத் தூக்கமெல்லாம் கலைந்துவிட்டது. படுத்தபடியே கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தரம் அழுத்திக் காட்டினாள். குளத்தில் அதற்கு ‘இருந்த இடத்திலேயே இருங்க’ என்று அர்த்தம்.

அண்ணி எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்தாள்.

மீனக்கா மறுபடியும் அழுத்திக் காட்டினாள், இந்தத் தடவை பலமாக. அண்ணி மின்விசிறியை நிறுத்தியே விட்டாள்.

வேர்த்து வழிய மீனக்கா உதட்டை அசைக்காமல், தொண்டையிலிருந்து மட்டும் ஒரு வார்த்தையைத் தள்ளினாள். “போகாதீங்க.”

“பேசாத, தையல் விட்டுடப் போகுது.”

“விடட்டும். போகாதீங்க.”

அண்ணி போய் மின்விசிறியைப் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு மசிக்கத் தொடங்கினாள். வெகுநேரம் மசித்தாள். அன்றைக்கு அந்தக் கிழங்கு மசிந்த மாதிரி உலகத்தில் வேறெந்தக் கிழங்கும் மசிந்திருக்காது.

இதற்குள் குளத்தின் மேற்பார்வையாளர் போன் செய்தார். வாய் திறக்க முடியாத ஆளை வைத்து எப்படி வகுப்பு நடத்துவது, காலை வகுப்பை நிறுத்திவைத்துவிடலாமா என்று கேட்டார். போனை எடுத்தவள் அண்ணி. “எதுக்கு நிறுத்தணும்? அவ கையைக் காட்டட்டும், நான் வாயைக் காட்டறேன். பேசறதுதானே என் வேலை,” என்றாள்.

இத்தனை வருடங்களில் அண்ணி அந்தக் குளத்தை எட்டிப் பார்த்ததில்லை. “குளிக்க ஒரு வாளி போதும், இவ்வளவு தண்ணி எதுக்கு?” என்பது அவள் கட்சி. கொஞ்சம் தெம்பு வந்ததும் மீனக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். உயிர்காப்பாளர் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டார். அண்ணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, கூரையில் நெளியும் வெளிச்சத்தையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் இறங்காமலே அவளும் எங்கோ இறங்கிவிட்டவள் போல இருந்தாள். மீனக்கா தோளைத் தட்டிய பிறகுதான் இந்த உலகத்துக்கு வந்தாள்.

மீனக்கா கையை உதறிக் காட்டினாள். “காலை உதறணுமாம்,” என்று அண்ணி கத்தினாள். “இப்படி இல்லம்மா, ஈரத் துணியை உதறுற மாதிரி.” மீனக்கா முகவாயை உயர்த்திக் காட்டினாள். “மேல பாக்கணுமாம். சீலிங்கு நல்லாத்தான் இருக்கு, பாருங்க.”

வக்கீலம்மாதான் பெரிய பிரச்சினை. நீதிமன்றத்தில் புலி என்று பேர். தண்ணீரில் ஓரக் கம்பியைப் பிடித்த கையை மாதக் கணக்கில் விட்டதில்லை. மீனக்காவின் விசிலுக்கும் அதட்டலுக்கும் அசையாத அந்தக் கை அன்றைக்கும் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தது. அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து, குளத்து விளிம்பில் குந்தி உட்கார்ந்தாள். இருட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் தினமும் பேசுகிற குரல் தன்னால் வந்தது.

“பதறாதீங்க மேடம். உங்க பிரச்சினை எங்களுக்குப் புரியுது. நான் லைன்லதான் இருக்கேன். எங்கேயும் போகல.”

வக்கீலம்மா அவளையே பார்த்துக்கொண்டு ஒரு விரலை எடுத்தாள். பிறகு இன்னொன்றை. “நான் லைன்லதான் இருக்கேன்,” என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தாள். கை முழுவதும் விடுபட்டபோது குளமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வக்கீலம்மா மல்லாந்து, கண்ணை இறுக மூடியபடி, கொஞ்ச தூரம் தண்ணீரின்மேல் போனாள். யாரும் கைதட்டவில்லை. தட்டினால் விழித்துக்கொள்வாளோ என்று பயந்தார்கள்.

தையல் பிரிக்கிற நாளில் டாக்டர் ஒரு முடிச்சைக் காணோம் என்றார். நாக்கின் கைவரிசை. மற்றபடி வைத்த தோல் உறுதியாகப் பிடித்திருந்தது. வெளிறிக் கிடந்த இடம் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகிக் கொண்டிருந்தது.

அடுத்த பருவத்தில் வலப்பக்கத்தின் முறை வந்தது. “இந்தத் தடவை பசையே போடுங்க,” என்றாள் மீனக்கா. “வாயில முள்ளை வைச்சுக்கிட்டுத் தூங்கினது போதும்.”

“போடலாம். நேரம் கம்மியாகும், முதல் சில நாள் வலியும் கொஞ்சம் கம்மியா இருக்கும்னு சொல்றாங்க,” என்றார் டாக்டர். “ஆனா இதான் ஒசத்தி, அது மட்டம்னு நான் சொல்ல மாட்டேன். முடிவுல ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆறுது. ரொம்ப இழுபடுற இடமா இருந்தா நானே தையல்தான் போட்டிருப்பேன். உங்களுக்கு அந்த இடம் இழுபடல.”

மறுபடியும் துணி, ஊசி, கலகலக்கும் குழாய். மீனக்கா கண்ணை மூடிக்கொண்டு குளத்தின் அடிக்குப் போக ஆரம்பித்தாள். வைத்த தோலின்மேல் டாக்டரின் விரல் அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. ஓரத்தில் ஏதோ சொட்டியது போல லேசான கதகதப்பு, அவ்வளவுதான். அவள் பாதி ஆழம்கூடப் போகவில்லை, “ஆச்சும்மா” என்றார்கள். நல்ல கனவில் எழுப்பிவிட்ட குழந்தை மாதிரி, “அதுக்குள்ளயா?” என்று அவள் குழறினாள்.

இந்தத் தடவை குத்தல் இல்லை. அண்ணத்திலும் பசைப் பூச்சு இருந்ததால் எரிச்சல் குறைவு. நாக்கு போய்த் தடவிப் பார்த்தால் வழவழவென்று மெழுகு மாதிரி ஏதோ ஒன்று. கொஞ்ச நாளில் அதற்கே சலித்துவிட்டது. பிடி கிடைக்காத இடத்தில் அது என்ன செய்யும்?

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. ஒரு காலையில் மருந்துத் தண்ணீரை வாயில் வைத்து மெல்லச் சாய்த்து வெளியே விட்டபோது, கழுவுதொட்டியில் ஏதோ விழுந்தது. லேசான ஊதா நிறத்தில், நகக்கண் அளவுக்கு, மெல்லிய செதில் ஒன்று. வைத்த தோல்தான் என்று மீனக்கா முடிவுகட்டினாள். சில்லு பேர்ந்து வந்தேவிட்டது.

“அண்ணி,” என்றாள். அண்ணி வந்தாள். குனிந்து பார்த்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, செதிலை விரல் நுனியால் ஒற்றி அதில் மிதக்கவிட்டாள். இரண்டு பேரும் கிளம்பினார்கள். வண்டியில் அண்ணி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் தண்ணீர் சிந்தாமல் தன் உடம்பை ஆட்டி ஈடுகொடுத்துக்கொண்டே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடைகள் திறந்துகொண்டிருந்தன. மீனக்கா வாயை மூடிக்கொண்டு, உள்ளே இருக்க வேண்டியது இருக்கிறதா என்று நாக்கைக்கூட அனுப்பிப் பார்க்கத் துணியாமல் உட்கார்ந்திருந்தாள்.

“திருப்பி வைச்சிடுவாங்க,” என்றாள் அண்ணி. “நான் கேக்கறேன்.”

டாக்டர் டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பிறகு மீனக்காவின் வாயைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார். உதட்டோரம் துடித்ததை அடக்கிக்கொண்டார்.

“இது பசைம்மா. வேலை முடிஞ்சிடுச்சு, தானா உதிர்ந்துடுச்சு. இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா உதிரும். ஒட்டின தோல் வைச்ச இடத்துலயே இருக்கு. இந்தாங்க, பாருங்க.”

கண்ணாடியில் மீனக்கா பார்த்தாள். பல்லுக்கு மேலே, வெண்மையும் சிவப்பும் கலந்து, விடியற்கால வானத்தின் ஓரம் மாதிரி மெல்லிய விளிம்பு ஒன்று தெரிந்தது. எந்த நூலும் இல்லாமல், எந்தப் பிடிப்பும் வெளியே தெரியாமல் அது அங்கே இருந்தது. அவள் நெடுநேரம் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை.

“அப்ப இதை என்ன பண்றது?” என்று அண்ணி டம்ளரைக் காட்டினாள்.

“கொட்டிடுங்க,” என்றார் டாக்டர்.

சில மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது ஈறு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இறங்கி வேரை மூடியிருந்தது. எந்தப் பக்கம் தைத்தது, எந்தப் பக்கம் ஒட்டியது என்று டாக்டரே ஒரு கணம் யோசித்தார். மீனக்கா யோசிக்கவில்லை. தையல் பக்கத்தைத் தொட்டால் உருளைக்கிழங்கு வாசனை நினைவுக்கு வருகிறது. பசைப் பக்கம் இன்னும் ஒரு ரகசியமாகவே இருக்கிறது.

அண்ணி தம்பிக்குப் போன் செய்து, மாடியை வாடகைக்கு விட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். காலை வகுப்புக்கு அவள் இன்றும் வருகிறாள். தண்ணீரில் கால் நனைத்ததில்லை. நனைக்கிற உத்தேசமும் இல்லை. போன வாரம் ஒரு நாள் வகுப்பு நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகட்டில் மழை விழுந்த சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மீனக்கா கையசைத்து எல்லோரையும் மல்லாந்து மிதக்கச் சொன்னாள். வங்கி மேலாளரும் வக்கீலம்மாவும் மற்றவர்களும் கையைக் காலை விரித்துக் குளம் முழுக்கப் பரந்து, மேலே இருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள். அண்ணி என்ன சொல்கிறாள் என்று மீனக்கா திரும்பிப் பார்த்தாள். அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கத்தில் இருந்தாள். மீனக்கா சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி, மற்றவர்களுக்கு நடுவே ஓர் இடம் பார்த்துத் தானும் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.